சிரிக்கக் கூடாத மூவர்

பேருந்தில் தன் நிறுத்தம் வந்தாலும் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அங்கே வேறு யாராவது இறங்கினால் மட்டுமே இறங்குகிறவள் பூங்கோதை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே நடுங்குகிறவர்களுக்கான ஆராய்ச்சிக்கூடத்தில், நெஞ்சில் இதயத் துடிப்பைப் பதியும் ஒயர்களோடு அவள் மூன்று பேர் முன்னால் பேச வேண்டியிருந்தது. அவள் என்ன சொன்னாலும் முகம் மாறாமல் கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்த மூவருக்கும் இடப்பட்ட கட்டளை. வேறு எதுவும் தோன்றாமல், யாருமே இறங்காத ஒரு நாளில் பணிமனை வரைக்கும் போன கதையைத் தொடங்கினாள். "'ஏம்மா, தூங்கிட்டியா'ன்னு கண்டக்டர் கேட்டாரு. 'ஆமா'ன்னு சொல்லவும் கூச்சம். அதனால கண்ண மூடித் தூங்கிக் காட்டுனேன்." நடுவில் இருந்தவர் உதட்டைக் கடித்தார், இருமிப் பார்த்தார், கடைசியில் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆராய்ச்சி மருத்துவர் ஓடிவந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. இத்தன வருசத்துல இவரு சிரிச்சதே இல்ல. இந்தப் பதிவு இனிமே செல்லாது." ஒயரைக் கழற்ற வந்த நர்ஸின் கையைப் பூங்கோதை மெல்ல விலக்கினாள். "இன்னொருக்கா பேசுறேன், சார். அவரச் சிரிக்காம இருக்கச் சொல்லுங்க, பாப்போம்."