துலோ

லூபஸ் நோய்க்கான புது மருந்தை மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் சேர்ந்திருந்தேன். ஆக்லாந்து மருத்துவமனையின் அந்த அறையில் நான் ஒருத்திதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்தவருக்கு ஏற்றுவார்கள்.

"அப்ப சோதனை எலி நான்தானா?" என்றேன்.

"எலிங்க இவ்வளவு பேசல, தங்கச்சி" என்றாள் நர்ஸ் தாலாய். அவளும் என்னைப் போல சமோவாக்காரி.

என் அக்கா ஃபெதூவுக்கும் இதே நோய். இந்த மருந்துக்காகக் காத்திருந்து, போன வருடம் இறந்துபோனாள். இருந்திருந்தால் சேர்ந்தே வந்திருப்போம்.

மருந்து சொட்டத் தொடங்கியது. உட்கார்ந்திருப்பவர் முன்னால் கடக்க நேர்ந்தால், குனிந்து 'துலோ' என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வது எங்கள் வழக்கம். தாலாய் என் முன்னால் குனிந்து, துலோ சொல்லிக் கடந்தாள். உடனே நிமிரவில்லை. பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கும் ஒரு துலோ சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அங்க யாருக்குச் சொன்னீங்க?"

"உன் அக்காவுக்குத்தான். அப்படியே உன் ஜாடை. ஆனா உன்ன மாதிரி வாயாடி இல்ல."

நாற்காலிப் பக்கம் கையை நீட்டினேன். மருந்துக் குழாய் அவ்வளவு தூரம் விடவில்லை.

"பாவம், அவங்க மேல வெயில் விழுது. திரைய இழுத்து விடட்டுமா?" என்றாள் தாலாய்.

வெயில் பட்டால் எங்களுக்கு உடம்பு தடித்துக் காய்ச்சல் வரும். நோய் வந்ததிலிருந்து அக்கா வெயிலில் உட்கார்ந்ததே இல்லை.

"வேணாம். கொஞ்ச நேரம் வெயில்ல இருக்கட்டும்" என்றேன்.