பிழையான விளக்கம்

"சாராம்சம் எண்டா என்னங்க?" என்று கேதீஸ்வரி கணவரைக் கேட்டாள்.

"சுருக்கம்" என்று முனகினார் தமிழ் வாத்தியாரான விஜிதரன்.

"அது போர்த்துக்கேயச் சொல்லுதானே?"

"ஆரு சொன்ன? வடமொழி! சாரம் எண்டா பிழிஞ்செடுத்த சத்து. அம்சம் எண்டா பங்கு. மடச்சி!"

"இல்ல, நீங்க உடுத்திருக்கிற சாரம்தான்."

அவர் கண்கள் செருகின. அவள் பதறிப்போய் அவர் கன்னத்தில் தட்டினாள். ஆட்டோ குலுங்கிக்கொண்டு ஓடியது.

கேதீஸ்வரியும் தமிழ் ரீச்சர்தான். வயல் வட்டையில் அவரைப் பாம்பு கடித்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நித்திரை கொள்ள விடாதே என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிழையைக் கேட்டால் அவருக்கு நித்திரை வராது.

விஜிதரன் பாரமான இமைகளைத் திறந்தார்.

"எனக்கு விளங்குது, கேதீஸ். இன்னொரு பிழை சொல்லு."