குவாரித் தண்ணி

கடைசிப் பாட்டு எது என்று கூட்டத்துக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக அதே பாட்டுதான்.

டெல்மர் டாக்கெட் கிடார் தந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தான். சுருதி எப்போதோ சேர்ந்துவிட்டது. பாட்டைத் தள்ளிப்போடத்தான் முறுக்கினான்.

முன்வரிசையில் மாவட்டப் போலீஸ் அதிகாரி, ஷெரிஃப் கூம்ஸ், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூம்ஸ் பாட்டுக் கேட்கிற ஆளே இல்லை.

கென்டக்கி மலைப்பக்கத்தில் நான்கு மாவட்டம் தாண்டினால் டெல்மரை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. நான்கு மாவட்டத்துக்குள் அவன் ராஜா. உள்ளூர் ரேடியோ, மாட்டுச் சந்தை, வருஷா வருஷம் ஆகஸ்டில் இந்தத் திருவிழா மேடை, எல்லாம் 'குவாரித் தண்ணி' என்ற அந்த ஒரு பாட்டு போட்ட சோறு.

ஒருத்தனைக் குடிக்க வைத்து, வண்டியோடு தண்ணீர் நிறைந்த கல் குவாரியில் தள்ளிவிடுகிற பாட்டு அது. மூன்றாவது சரணத்தில், அவன் நீந்தித் தப்பிவிடாதபடி நாய்ச்சங்கிலியால் அவன் கையை ஸ்டீயரிங்கோடு கட்டுவார்கள். அந்த இடத்தில் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

போன வியாழக்கிழமை ஊருக்கு வெளியே பழைய குவாரியின் தண்ணீரை இறைத்தார்கள். அடியில் துருப்பிடித்த பிக்கப் வண்டி ஒன்று கிடந்தது. அதற்குள் ராய்ஸ் ஹோல்ப்ரூக்கின் எலும்புகள். ஸ்டீயரிங்கில் நாய்ச்சங்கிலி.

ராய்ஸ், டெல்மரின் மனைவி வெர்னாவுடைய முதல் புருஷன். டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஓடிவிட்டான் என்றுதான் ஊரே நம்பியிருந்தது. விட்டுப்போனவன் என்று கோர்ட்டில் விவாகரத்து வாங்கி, வெர்னா டெல்மரைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன டெல்மரு, கதை சொல்லாமலே பாடப்போறியா?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பாட்டு பிறந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் பாட வேண்டும். அந்தப் பக்கத்துப் பாட்டுக்காரர்களுக்கு அது எழுதாத சட்டம். மழை கொட்டுகிற ராத்திரியில் குவாரி ஓரமாக வண்டியை நிறுத்தி, தீவன மூட்டைக் காகிதத்தைக் கிழித்து எழுதினேன் என்பது டெல்மரின் கதை. ரேடியோவில் நூறு தடவை சொல்லியிருக்கிறான். கேசட் அட்டையிலும் அச்சடித்திருக்கிறான்.

அத்தனையும் புளுகு. இருட்டில் குவாரிப் பக்கம் போகிற தைரியம் அவனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. கைதட்டல் கூடுதலாக விழும் என்று அவிழ்த்துவிட்ட சரடு, இப்போது கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

கூம்ஸ் எழுந்து நின்றான். குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"இந்தப் பாட்ட நீங்களேதான் எழுதினீங்களாண்ணே?"

டெல்மர் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆமாம் என்றால் மிச்ச ஆயுசு ஜெயிலில். இல்லை என்றால், பின்னே யார் என்பான்.

பக்கத்து மைக்கில் வெர்னா நின்றிருந்தாள். இத்தனை வருஷமும் அவள்தான் பின்பாட்டு.

கல்யாணமான முதல் பனிக்காலம் அது. உருளைக்கிழங்கு தோல் சீவிய கையைத் துடைத்துக்கொண்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பென்சிலால் அந்தப் பாட்டை ஒரே மூச்சில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள். ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தவில்லை. உங்க பேர்லயே இருக்கட்டும் என்றாள். தன்மேல் இவளுக்கு இவ்வளவு பிரியமா என்று அன்றைக்கு அவன் உருகிப்போனான்.

வியாழக்கிழமையிலிருந்து அவள் பக்கத்தில் படுத்து அவன் கண்மூடவில்லை.

சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான். அதற்குள் வெர்னா தன் மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"இவருக்குக் கூச்சம், தம்பி. நான் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி குவாரியிலேருந்துதான் வந்தாரு. பூட்ஸெல்லாம் ஈரம். ஒக்காந்து ஒரே மூச்சுல எழுதினாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

சொல்லிவிட்டு, எப்போதும்போல, பாட்டுக்கான சுருதியை அவளே முனகி எடுத்துக் கொடுத்தாள்.