பின்பக்கத்துப் பொத்தான்

கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலின் புதுப்பிப்பு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது.

மின்சாரம் திரும்பி வந்ததும் அவள் கணினியை முடுக்கினாள். விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மறுபடி முடுக்கினாள். அதே கறுப்பு.

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படிப் பார்க்காதீங்க. எனக்குக் கை கால் ஓடல."

பழுது பார்ப்பவர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார். "மதர்போர்டு போச்சும்மா. வேற வாங்கிப் போட ஒரு வாரமாவது ஆகும்."

ஒரு வாரம் என்றதும் அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

கணினியின் தாய்த்தகடான அந்த மதர்போர்டின் கையேட்டைப் போனில் தேடியெடுத்து வரிவரியாகப் படித்தாள். கணினியின் பின்பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதாம். பயாஸ் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அதற்கென்று உள்ள துளையில் செருகி அழுத்தினால், போர்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் லேப்டாப்பில் கோப்பை இறக்கிக்கொண்டு வந்தாள். செருகினாள். அழுத்தினாள்.

பொத்தானருகே இருந்த விளக்கு சில முறை சிமிட்டிவிட்டு, சிமிட்டாமல் நின்று எரிந்தது. ஏற்கவில்லை என்று பொருள்.

கையேட்டை மறுபடி பார்த்தாள். கோப்பின் பெயரை அவர்கள் சொன்னபடி மாற்றியிருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

இந்தமுறை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

திரையில் ஒன்றும் இல்லை. விசிறிகூடச் சுற்றவில்லை. போய்விட்டது என்று கைகழுவப்பட்ட அந்தத் தகட்டுக்குள் எங்கோ ஒரு மூலை மட்டும் விழித்திருந்து, தன்னைத் தானே எழுதிக்கொண்டிருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு, மூச்சு விடவும் பயந்து பார்த்தாள்.

விளக்கு அணைந்தது.

கணினியை முடுக்கினாள். கறுப்பு. நெடுநேரம் கறுப்பு. பிறகு, மெல்ல, வெளிச்சம்.

அவள் எழுந்து திரையைக் கட்டில் பக்கம் திருப்பினாள். திரைக்குக் கீழே இருந்த, கண்ணசைவைப் படிக்கும் கேமராவைக் கணவனின் முகத்துக்கு நேராக வைத்தாள். விபத்துக்குப் பிறகு அவன் சொன்னபடி கேட்பவை அவன் கண்கள் மட்டுமே.

திரையில் எழுத்துகள் வரிசையாக நின்றன. அவன் கண்கள் ஓர் எழுத்தில் நின்றன. அடுத்ததற்கு நகர்ந்தன.

அவன் கண்ணால் கோத்த எழுத்துகளைக் கணினி பேச, ஒலிபெருக்கியிலிருந்து அவன் குரல் வந்தது.

"மூக்கு அரிக்குது. காலையிலேர்ந்து."