திருஷ்டி பொம்மையின் ரசனை

மனித குலத்தின் காதுகளுக்கு விடுதலை கிடைத்துவிட்டதாகப் பாட்டுப்பெட்டி நிறுவனம் உலகத்துக்கு அறிவித்தது. இனிப் பொத்தான் இல்லை, திரை இல்லை. கேட்பவரின் கண்ணைப் பார்த்து, மனம் அறிந்து, பெட்டியே பாடும். பார்வையற்றோருக்கு மிகவும் வசதி என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

பிறவியிலேயே பார்வையில்லாத தணிகாசலத்துக்கு, மனைவி மரகதம் இருந்தவரை சிக்கல் தெரியவில்லை. "ஒருவர் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அவள் கண்ணைப் பார்த்துப் பாடும். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கேட்டுக்கொள்வார்.

"உங்களை ஆள் கணக்குலயே சேர்க்கலையே!" என்று அவள் சிரிப்பாள்.

அவள் காரியம் முடிந்த மறுநாள் அவர் தனியாகப் பெட்டி முன் உட்கார்ந்தார். "அறையில் யாரும் இல்லை" என்று சொல்லி அது அணைந்துகொண்டது.

"நான் இருக்கேன்டா!" என்று கத்தினார்.

எதிர்வீட்டு ரெஜினா ஓடிவந்தாள். "அதுக்குக் கண்ணுதானே வேணும், அண்ணே? நான் நின்னா அடுப்புல சோறு குழைஞ்சிடும்" என்றவள், மாடி வீட்டு வாசலில் தொங்கிய திருஷ்டி பொம்மையைக் கழற்றிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமாக இருந்த பொம்மையைப் பெட்டிக்கு மிகவும் பிடித்துப்போனது. அதன் மனம் அறிந்து காலையிலிருந்து உறுமி மேளமாகவே முழக்கியது. மரகதம் விரும்பிக் கேட்கும் புல்லாங்குழலை ஒரே ஒரு முறை போடச் சொல்லித் தணிகாசலம் கெஞ்சினார்.

"ஐயா, ஏதோ குரல் தொந்தரவு செய்கிறது" என்று பெட்டி பொம்மையிடம் பணிவாகச் சொன்னது. "சத்தத்தைக் கூட்டட்டுமா?"

பொம்மை மறுக்கவில்லை.