பன்னிரண்டாம் தகடு

ஹார்லன் இந்த வாரமும் அடுத்தவர் தகட்டைத்தான் சுட்டார்.

கொரீன் பைனாகுலரை இறக்கினாள். பனி கலையாத புல்வெளியில் பன்னிரண்டு இரும்புத் தகடுகள் சங்கிலியில் தொங்கின. பதினோராவது அசையவே இல்லை. பன்னிரண்டாவது மட்டும், தூக்கத்தில் தலையாட்டுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பதினோராவது பெஞ்ச் ஹார்லன். கடைசி பெஞ்ச், பன்னிரண்டு, எமெட். நாற்பது வருஷச் சிநேகிதர்கள். பென்சில்வேனியா மலையடிவாரத்துச் சின்னத் துப்பாக்கி சுடும் கிளப் அது. சனிக்கிழமை காலையில் அந்த இரண்டு தொப்பிகளும் அங்கே இருக்கும்.

அடுத்தவர் இலக்கைச் சுடுவது அங்கே பெரிய குற்றம். மூன்று முறை செய்தால் அந்த வருஷம் முழுக்க உள்ளே வர முடியாது. இது மூன்றாவது. எழுத வேண்டியவள் கொரீன். அதுவரை மேற்பார்வை பார்த்த எமெட், முட்டி வலி என்று சொல்லி அவள் கையில் விசிலைக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. அப்பா வயதுக்காரர்களை அதட்ட அவளுக்கு இன்னும் கூச்சம்.

விசில் ஊதினாள். எல்லோரும் ரைஃபிள்களைத் திறந்து, காலி என்று காட்டி, பெஞ்சில் வைத்தார்கள்.

"ஹார்லன், உன் தகட்டுல சிலந்தி கூடு கட்டிடுச்சு. தெரியுமா?" என்றாள் ஒன்பதாம் பெஞ்ச் டோனா.

"கட்டட்டுமே. அதுக்கும் வீடு வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எமெட்டும்தான்.

கொரீன் ஹார்லனைப் பதிவேடு வைத்திருந்த கொட்டகைக்கு அழைத்துப் போனாள்.

"மூணாவது தடவை. நான் எழுதியாகணும், ஹார்லன்."

"எழுதும்மா."

"வேணும்னே பண்றீங்களா?"

ஹார்லன் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே எமெட் காபிக் கோப்பைக்காகப் பெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் கண்ணு போச்சு. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். எங்கிட்டகூடச் சொல்லலை. முட்டி வலிக்குதாம், அதனால நான் கார் ஓட்டணுமாம். டாக்டர் எழுதின சீட்டைக் கார் இருக்கைக்கு அடியில பாத்துட்டேன்."

கொரீன் பேனாவை மூடினாள்.

"அந்தப் பன்னிரண்டாவது தகடு அவனே வெட்டினது. அவன் டிராக்டர்ல இருந்த பழைய கலப்பைத் தட்டு. மத்ததெல்லாம் டிங்குனு கத்தும். அது மட்டும் டோங்னு இழுக்கும். அதைக் கேட்டா அவன் சிரிக்கறதைப் பாக்கணுமே, கனவு காண்றவன் மாதிரி. பத்து பேர் சேந்து சுடறப்ப எது யார் குண்டுன்னு எவனுக்குத் தெரியும்? தானே அடிச்சதா நினைச்சுக்கறான்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னை வெளியே அனுப்பு, பரவாயில்லை. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

கொரீன் தலையசைக்கப் போனாள். அடுத்த நொடியே உறைத்தது. கண் தெரியாதவர் கையில் குண்டு போட்ட ரைஃபிள். ஒரு மாதமாக, அவள் பார்வையில். இன்றே நிறுத்தியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் பெஞ்சுக்குப் போனாள்.

அங்கே எல்லோரும் வைத்திருந்தது சின்னக் குண்டு போடும், தானே நிரப்பிக்கொள்ளும் ரைஃபிள். விசையை இழுக்க இழுக்க, காலித் தோட்டாவை வலப்பக்கம் துப்பிக்கொண்டே இருக்கும். ஹார்லனின் தோட்டாக்கள் எமெட்டின் இடப்பக்கம், உதிர்ந்த சோளம்போல் மினுங்கிக் கிடந்தன. பெருக்கி அள்ளினாள்.

எமெட்டின் வலப்பக்கம் வந்தாள். அவருக்கும் மரச்சுவருக்கும் நடுவே வெறும் பலகை. ஒரு தோட்டாகூட இல்லை.

மறுபடி பெருக்கினாள்.

"ரெண்டு தரம் பெருக்கிட்டே," என்றார் எமெட், பனியைப் பார்த்தபடியே. "கிடைக்காதும்மா."

"நீங்க சுடவே இல்லையா?"

"விசிலை உன்கிட்டக் குடுத்த அன்னிக்கே குண்டையும் விட்டாச்சு. கண்ணு தெரியாதவன் சுடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? காலித் துப்பாக்கியைத் தோள்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வெடிமருந்து வாசனை நல்லாயிருக்கு."

"தகடு சத்தம்..."

"ஹார்லன் அடிக்கறான். இன்னிக்குப் பத்துக்கு எட்டு. கொஞ்சம் அவசரப்படறான்."

"அவர் பேரை நான் எழுதணும், எமெட்."

"எதுக்கு? இந்த பெஞ்ச்ல சுடறவனே இல்லையே. ஆளில்லாத தகட்டை அடிச்சா என்ன குத்தம்? பதிவேட்டுல பன்னிரண்டாவது பெஞ்சைக் கோடு போட்டு அடிச்சுடு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

கொரீன் கொஞ்சம் மூச்சு விட்டாள். "அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து, அடிச்ச மாதிரி சிரிக்கிறீங்க?"

இரண்டு டோனட்டோடு ஹார்லன் வந்துகொண்டிருந்தார். புல்லில் அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் எமெட் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் பெண்டாட்டி செத்ததுலேர்ந்து போர்வையை விட்டே எழுந்திருக்கறதில்லைம்மா. என்னைச் சிரிக்க வைக்கணும்னு சனிக்கிழமை மட்டும் எழுந்து, ஷேவ் பண்ணிக்கிட்டு வர்றான். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."