ஒரிஜினல் சர்டிபிகேட்

"ஒரிஜினல் சர்டிபிகேட்டை இன்னிக்கே கொடுக்காதீங்க சார். கொடுத்துட்டா திரும்ப வாங்கறது பெரும்பாடு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு, யோசிச்சுட்டு வாங்க."

தெலுங்கு பேசும் ஊரில், ஆராய்ச்சி நிறுவனத்தின் கவுண்ட்டர் ஆள் தமிழில் பேசியதும் வெங்கடகிருஷ்ணனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொன்ன விஷயம் உறைத்ததும் சுர்ரென்று கோபம் வந்தது.

"நாளைக்குக் காலைல என் பொண்ணு மாதாப்பூர்ல சாஃப்ட்வேர் கம்பெனில சேரணும். அங்கேயும் ஒரிஜினல் கேக்கறான். இங்கே கொடுத்துட்டா அங்கே போக முடியாதே, அதுக்குத்தான் இன்னிக்கே வந்திருக்கேன்."

பாலாநகர் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்று நம்புகிறவர். அந்த 2009-இல் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்த பிறகு கேட்கவே வேண்டாம். எம்.சி.ஏ. முடித்த ஒரே மகள் சுஷ்மாவை அங்கே அனுப்ப அவருக்கு மனசே இல்லை. இங்கே பிஎச்.டி. சேர்த்துவிட்டால் அரசாங்க வேலை நிச்சயம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"நக்கோப்பா, இது வேண்டாம். நான் கம்பெனிக்கே போறேன்" என்றாள் சுஷ்மா, மெதுவாக. பிறகு கவுண்ட்டர் பக்கம் திரும்பினாள். "சார், இந்த பிஎச்.டி. முடிச்சா ஜாப் கிடைக்குமா?"

அவன் பின்னால் இருந்த அறையை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்கு பயாலஜி, கணக்கு, கம்ப்யூட்டர் மூணையும் சேர்த்துச் சொல்லித் தராங்க. அருமையான படிப்பும்மா. ஆனா வேலைன்னு போனா பயாலஜிக்காரங்க உன்னைக் கம்ப்யூட்டர்ங்கறாங்க, கம்ப்யூட்டர்காரங்க பயாலஜிங்கறாங்க. ரெண்டு பக்கமும் தகுதி இல்லைன்னு லெட்டர் வரும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்."

"சீல் குத்தற வேலையை மட்டும் பாரும்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "இம்யூனாலஜின்னா என்னன்னு தெரியுமா உமக்கு?"

"கொஞ்சம் தெரியும் சார்."

"நாலு பேர் பிள்ளைங்க முன்னுக்கு வந்தா உம்மை மாதிரி ஆளுக்குப் பொறுக்காது. டைரக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு ஒருமுறை துடித்தது.

"வேண்டாம் சார். கான்ட்ராக்ட் வேலை. மாசாமாசம் புதுப்பிக்கணும்."

சர்டிபிகேட்டுகளை வாங்கி சீல் குத்தி அலமாரியில் வைத்துப் பூட்டினான். ரசீதையும் நிறுவனத்தைப் பற்றிய வழவழப்பான ஒரு புத்தகத்தையும் நீட்டினான்.

வாசலில் நின்றே சுஷ்மா கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்க்காத மாதிரி அவர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே பெரிய படம். அங்கி, தொப்பி, கழுத்தில் தங்கப் பதக்கம்.

"இங்க பாரு. டாக்டர் ராஜாராமன். இந்தப் படிப்புல முதல் பிஎச்.டி. வாங்கினவராம். நம்ம ஊர்ப் பேரா இருக்கு பாரு. நாளைக்கு நீயும் இவரை மாதிரி வரணும்."

சுஷ்மா எட்டிப் பார்த்தாள். படத்தின் மேல் விரலை வைத்தாள்.

அவள் விரல் நின்ற இடத்தில், டாக்டர் ராஜாராமனின் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டியபடி, கவுண்ட்டரில் பார்த்த அதே தழும்பு.